நூறு சதவீதம் காட்டன்

மேகாலயாவின் ஜெயந்தியா மலைக் குகைகளுக்குப் போகக் கிளம்பியபோது, குழுத் தலைவர் ஒரு சாமான் பட்டியல் அனுப்பியிருந்தார். அதில் இரண்டு வரிகள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. எல்லாப் பொருளிலும் பேர் இருக்க வேண்டும். காட்டன் துணி எதுவும் வரக் கூடாது.

இரண்டாவது வரியை, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர் வீட்டில் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பாலியஸ்டரா? மனுசன் போடற துணியாடா அது?"

குகைக்குள் ஓடை ஓடும், இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும், காட்டன் தண்ணீரைக் குடித்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். "உறிஞ்சறதுக்குத்தான்டா காட்டனு" என்று அதையே எனக்கு எதிராகத் திருப்பினார். உலகத்துக்கே பனியன் போட்டுவிடும் ஊரிலிருந்து ஒருத்தன் பாலியஸ்டர் கட்டிக்கொண்டு போவதா என்று அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, பேர் எழுதும் வேலையாவது சண்டையில்லாமல் முடியும் என்று நினைத்தேன். பேர் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹெல்மெட், இடுப்பில் கட்டும் ஹார்னஸ் பட்டை, கயிற்றில் மாட்டும் கராபினர் வளையம், முட்டி பேடு, பை என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் உள்ளே போய்வந்தால் அத்தனையும் ஒரே சேற்று நிறம். அங்கிருக்கும் லியாத் பிரா குகை 30 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. அங்கே போய் நின்றுகொண்டு "இது என்னோட கராபினர்" என்று பஞ்சாயத்து வைக்க முடியாது.

ஹாலில் சாமான்களைப் பரப்பியதும் வீடே கூடிவிட்டது. அம்மா ஒரு கராபினரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, பாத்திரக் கடையில குடுத்தா பேரு வெட்டித் தருவாங்க. காலத்துக்கும் அழியாது."

எவர்சில்வர் பாத்திரத்தில் கிர்ரென்று மெஷின் வைத்துப் பேர் வெட்டுவார்களே, அது. இந்த வளையத்தில்தான் என் மொத்த எடையும் கயிற்றில் தொங்கும், பாரம் தாங்கும் இடத்தில் கீறல் விழக் கூடாது என்றேன். "இத்தனூண்டு பேருல என்ன ஆயிரப் போகுது?" என்றவர், பட்டியலில் மூன்று விளக்கு என்று இருந்ததைப் பார்த்து, "உள்ள கரண்டு அடிக்கடி போகுமா?" என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த அப்புச்சியிடம் வேறு யோசனை இருந்தது. அந்தக் காலத்தில் வெளுக்கப் போகும் துணியில் வீட்டுக்கு ஒரு குறி போட்டுத் தருவார்களாம். சேங்கொட்டைப் பால், எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. உண்மைதான். ஆனால் அது தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்பதையும் அப்புச்சியே சொல்லி, தன் முழங்கைத் தழும்பைக் காட்டினார். யோசனை அத்தோடு படுத்துக்கொண்டது.

மாமா வந்தது அப்புறம்தான். அவருக்கு லேபிள் யூனிட். லேபிள் என்றால் அவரிடம் யாரும் பேச முடியாது. "மாப்ள, இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றபடி ஹார்னஸைத் தூக்கிக்கொண்டு தையல் மெஷினை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, அந்தப் பட்டையில ஊசி படக் கூடாதுங்க. நூல் அறுந்துரும்."

"மார்க்கர்ல எழுதிரலாமா?"

"மையும் ஆகாதுங்க. அதுல இருக்கற ரசாயனம் பட்டைய அரிச்சாலும் அரிச்சிரும்."

"அப்ப என்னதான்டா ஆகும் அதுக்கு?"

கலர் இன்சுலேஷன் டேப்தான் ஆகும். ஆளுக்கு இரண்டு நிறம் என்று குழுவில் பேச்சு. இதிலும் சிக்கல். நம் ஊரில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்துச் சுற்றினாலும் ஏதோ ஒரு கட்சிக் கொடி வந்துவிடுகிறது. கறுப்பும் சிவப்பும் அப்பாவுக்கு ஆகாது. பச்சை சேர்த்தால் மாமா முறைக்கிறார். கடைசியில் ரோஸும் ஊதாவும். எந்தக் கூட்டணியும் இதுவரை கேட்காத நிறம்.

துணிகளை மட்டும் மாமாவிடம் விட்டேன். மறுநாளே தைத்து வந்துவிட்டது. சாட்டின் லேபிள், பேர், ரத்த வகை, அப்பாவின் போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று. அடியில் கொசுறாக, பழைய ஆர்டர் பிளேட்டில் இருந்த வரி: "100% காட்டன்". அப்பா ஒன்றும் தெரியாதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிரிக்க நேரமில்லை. அம்மா வேறு தூக்குப்போசி நிறையப் பருப்புப் பொடியும் கச்சாயமும் போட்டு, மூடியில் என் பேரை வெட்டிக் கொண்டுவந்துவிட்டார்.

4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் ரயில் பாதையின் பெரும்பகுதியை அந்தப் போசியைக் கட்டிப்பிடித்தபடியே கடந்தேன்.

முகாமில் தலைவர் ஒவ்வொரு பையாகச் சோதித்தார். என் பையிலிருந்து உள்சட்டையை எடுத்தார், லேபிளைப் படித்தார், ஓரமாக வைத்தார். அடுத்ததும் ஓரம். பையே ஓரத்துக்குப் போய்விட்டது. பாலியஸ்டர்தான் என்று சொன்னால் நம்பத் தயாராக இல்லை.

லைட்டர் கேட்டேன். தையலோரத்தில் ஒரு நூல் உருவிக் கொளுத்தினேன். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு மணி நிற்கும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்த சோதனை. மணி நின்றது. தலைவர் அதை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, பையைத் திருப்பித் தந்தார்.

அதோடு விட்டார்களா? ஆளாளுக்கு நூலை உருவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர், மலையேற்றத்துக்கென்றே தனியாகச் செய்தது என்று விலையைச் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்த உள்சட்டை, வாசத்தோடு சாம்பலாக உதிர்ந்தது. என்னிடமிருந்த உபரிச் சட்டையைக் கொடுத்தேன். அந்தப் பயணம் முழுக்க அவர் என் பேரையும், என் ரத்த வகையையும், எங்கப்பா போன் நம்பரையும் போட்டுக்கொண்டு திரிந்தார்.