இளநீல ஊரின் பந்தாட்டப் பெண்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில்லில் பஸ்ஸுக்குக் காசு கிடையாது. 2002 முதல் நகரப் பேருந்துகள் எல்லோருக்கும் இலவசம். கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்து, வேலைக்குப் போக அனுமதியும் இல்லாமல், கார் ஓட்டவும் தெரியாமல் இருந்த எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது அதுதான். அவர் ஆய்வகத்துக்குக் கிளம்பியதும் பஸ் ஏறி வட கரோலினா பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவேன். எங்கு திரும்பினாலும் இளநீலம். சட்டை, தொப்பி, குடை, தீயணைப்பு வண்டிகூட அந்த நிறம்தான்.

மைக்கேல் ஜோர்டான் படித்த இடம் என்பதால் இங்கே கூடைப்பந்துதான் குலதெய்வம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கூடைப்பந்து அணியின் பெரும் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தே, இது பெண்கள் கால்பந்துப் பள்ளி, நாங்கள் அவர்களுக்கு ஈடுகொடுக்கத்தான் பார்க்கிறோம் என்ற பொருளில் சொன்னதாக ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியும் அதைச் சொல்லித்தான் ஒரு செப்டம்பர் மாலை என்னை மைதானத்துக்கு அழைத்துப்போனார்.

போனவுடன் குழம்பிவிட்டேன். கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து நிமிடத்தில் தொடங்கிச் சுழியத்துக்கு வருகிறது. கடைசிப் பத்து விநாடிகளை ஒலிபெருக்கியில் எண்ணுகிறார்கள். ஆட்டத்தின் நடுவே, முன்வரிசை மொத்தமும் வெளியே வந்து வேறொரு வரிசை உள்ளே ஓடியது. யாருக்கோ அடிபட்டுவிட்டதாக்கும் என்று பார்த்தால், அதுதான் இவர்கள் பழக்கமாம். எதிரணி மூச்சு வாங்கும் நேரத்தில் புதுக்கால்களை இறக்கிவிடுவது.

நான் படித்த பள்ளியில் உடற்கல்வி வகுப்பென்றால் பையன்களுக்குப் பந்து, எங்களுக்கு வளையப்பந்து. அதுவும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து அந்த வகுப்பையும் வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவளுக்கு இந்த அணியின் கதை பிடிபட்டபோது, நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடித் தேடிப் படித்தேன். வேலை இல்லாதவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

எழுபதுகளில் இங்கே பெண்களுக்கென்று பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வமான கால்பந்து அணி இல்லை. மாணவிகள் தாமாகச் சேர்ந்து ஒரு மன்றமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். 1972இல் வந்த கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பால்வேற்றுமை கூடாது என்றது. அதில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் அந்தச் சட்டம்தான் பெண்களுக்கு மைதானக் கதவைத் திறந்தது. 1979இல் அந்த மன்றத்துப் பெண்கள் விளையாட்டு இயக்குநர் பில் கோபியிடம் போய், எங்களையும் முறையான அணியாக்குங்கள் என்று கேட்டார்கள். அவர் ஆண்கள் அணிப் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸை அழைத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். பார்த்துவிட்டு வந்தவருக்கே அந்தப் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

அப்போது எதிர்த்து ஆடக் கல்லூரி அணிகளே அரிது. 1981இல் பெண்கள் விளையாட்டுச் சங்கம் நடத்திய முதல் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சென்ட்ரல் ஃப்ளோரிடாவை 1-0 என்று வென்றார்கள். மறு ஆண்டே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. தன் போட்டியைத் தொடங்கியது, அதையும் வென்றார்கள். 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் கோப்பை வேறு எங்கும் போகவில்லை. 1991இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் டோரன்ஸ்தான் பயிற்சியாளர். அந்தப் பதினெட்டுப் பேரில் பாதிப் பேர் சேப்பல் ஹில்லில் ஆடியவர்கள். மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி தொடங்கி இங்கிலாந்தின் லூசி ப்ரோன்ஸ், அலெசியா ரூசோ வரை இந்தப் புல்லை மிதித்தவர்களின் வரிசை நீளம்.

டோரன்ஸ் பிறந்தது பம்பாயில். இதைப் பக்கத்து ஊரான கேரியின் பெருமாள் கோயிலில் பழக்கமான திருநெல்வேலி அக்காவிடம் சொன்னபோது, "அப்படியானால் நம்மூர்க்காரர் என்று சொல்" என்று உடனே உரிமை கொண்டாடிவிட்டார்.

எல்லோரும் இதை டோரன்ஸின் கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கதவைத் தட்டிய அந்த மாணவிகளும் கையில் ஒரு சட்டமும் இல்லாமல் எந்த மேதையும் பெண்கள் அணியை வெறுங்காற்றில் உண்டாக்கியிருக்க முடியாது. அவருடைய முறையிலும் எனக்கு இரண்டு மனம்தான். பயிற்சியில் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒவ்வொரு மோதலையும் குறித்துவைத்து, யார் எத்தனையாவது இடம் என்று எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுவார்கள். டீன் ஸ்மித்தின் பயிற்சியைப் பார்த்துக் கற்றதாம். மதிப்பெண் பட்டியல் ஒட்டிய பள்ளிச் சுவரைப் பார்த்தாலே வயிறு கலங்கும் நமக்கு இது புரியாததா என்ன? 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் அவர் மீது பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்தார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஒருவருடன் 2004இலும் மற்றவருடன் 2008இலும் சமரசத்தில் முடிந்தது. கோப்பைகளைப் பேசும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

2022 டிசம்பரில் என்.சி.ஏ.ஏ. இறுதி ஆட்டம் பக்கத்திலேயே கேரியில் நடந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். "பெண் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்க்கவா இந்தக் குளிரில்?" என்று கேட்டுவிட்டு, குடுவையில் சுக்குக் காப்பியோடு வந்தார். கரோலினா இரண்டு கோல் முன்னிலை. எதிரணியான கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் ஒன்றைத் திருப்பியது. கடிகாரம் இறங்கிக்கொண்டே வர, எங்களைச் சுற்றி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். 16 விநாடிகள் இருந்தபோது ஒரு மூலை உதை, ஒரு தலைமுட்டு, 2-2. கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றோம். அக்கா காப்பியை மூடக்கூட மறந்து, "கடைசி நேரத்தில் அந்தப் பெண்ணை யாரும் பிடிக்கவில்லையே" என்று கார் நிறுத்துமிடம் வரை புலம்பிக்கொண்டு வந்தார்.

2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாள்களே இருக்க, டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள், என்.சி.ஏ.ஏ. கோப்பைகள் மட்டும் 21. அணி இனி அவ்வளவுதான் என்று பாட்டியே சொன்னார். உதவிப் பயிற்சியாளர் டேமன் நஹாஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். டிசம்பரில் அதே கேரி மைதானத்தில், இதே மாநிலத்து வேக் ஃபாரஸ்ட் அணியை 1-0 என்று வென்று, 2012க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பையை எடுத்துவந்தார்கள். அந்த முறை டிக்கெட் வாங்கியது அக்கா. எனக்கும் என் மகளுக்கும் சேர்த்து. மகள் இப்போது நகராட்சிப் பூங்கா அணியில் தடுப்பாட்டக்காரி. மூலை உதை வரும்போது எந்தப் பெண்ணைப் பிடிக்க வேண்டும் என்று அக்கா அவளுக்கு இன்னும் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.