தாய் பெயர் இல்லாத சாசனம்

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருடைய மகள் லூயிஸ் பிரான்சுவாஸைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது.

முதலில் பெயர்களிலேயே சிக்கிக்கொண்டேன். வெர்சாய் அரண்மனைக் குறிப்புகளில் அவரைப் பெயர் சொல்லி யாரும் எழுதுவதில்லை. சிறுமியாக இருந்தபோது ‘மத்மொசெல் த நாந்த்’, அதாவது நாந்த் செல்வி. கல்யாணமானதும் ‘மதாம் லா துஷெஸ்’, அதாவது கோமகள் சீமாட்டி. போதாக்குறைக்கு ‘மத்மொசெல் த புளுவா’ என்று இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் 1666இல் மன்னரின் காதலி லா வலியேருக்குப் பிறந்த மரி ஆன். மற்றவர் 1677இல் பிறந்த பிரான்சுவாஸ் மரி. நம் லூயிஸின் கூடப்பிறந்த தங்கை. இருவரையும் ஒருவராக நினைத்து எழுதிய இரண்டு பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் அந்த ஆண்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு குழப்பம் வரவில்லை.

அடுத்து ‘லெஜித்திமே’ என்ற ஒரு சொல். ‘சட்டபூர்வ மகள்’ என்று எழுதினால் அரசி மரி தெரேஸ் பெற்ற பிள்ளை என்று அர்த்தமாகிவிடும். ‘தத்து மகள்’ என்பது பச்சைப் பொய். கடைசியில் ‘மன்னர் தம் பிள்ளை என்று சாசனம் எழுதி ஏற்றுக்கொண்ட மகள்’ என்று நீட்டியே எழுதினேன். அப்படி எழுதிய பிறகு அந்தச் சாசனத்தைப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

1667இல் மரி ஆனுக்கு எழுதிய சாசனத்தில் தாய் லா வலியேரின் பெயர் இருக்கிறது. 1673 டிசம்பரில் லூயிஸுக்கும் அவருடைய இரண்டு அண்ணன்மாருக்கும் சேர்த்து எழுதியதில், பிள்ளைகள் மீது இயற்கை தரும் பாசம் என்று மன்னர் பேசுகிறார், மூன்று பிள்ளைகளின் பெயரும் வருகிறது, தாயின் பெயர் இல்லை. நான் எங்கோ வரி தவறவிட்டேனோ என்று விரல் வைத்துத் திரும்பவும் படித்தேன். இல்லவே இல்லை.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. லூயிஸின் தாயும் மன்னரின் காதலிதான், ஆனால் அவருக்குக் கணவர் உயிரோடு இருந்தார். சட்டப்படி மனைவி பெற்ற பிள்ளைகள் கணவனுக்கே உரியவர்கள். பெயரை எழுதினால் அந்தக் கணவர் உரிமை கோரி வந்து நிற்கலாம். அதனால்தான் இந்தப் பிள்ளைகளைப் பாரிசில் வோழிரார் தெரு வீடு ஒன்றில், ஸ்காரோன் என்ற விதவையின் பொறுப்பில் ரகசியமாக வளர்த்தார்கள். சாசனம் எழுதியபோது லூயிஸுக்கு ஆறு மாதம். பூர்போன் என்ற வம்சப் பெயர் கிடைத்தது. பெற்றவளின் பெயர் அந்தத் தாளில் ஏறவில்லை.

1685 ஜூலையில் கல்யாணம். அவருக்கு வயது 12, மாப்பிள்ளைக்கு 16. அரச வம்சத்தின் ஒரு கிளையான கோந்தே குடும்பத்துப் பிள்ளை. இதை ஒரே வரியில் கடந்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் மறு ஆண்டில் நடந்தது என்னை நிறுத்திவிட்டது. ஃபோந்தென்புளோ அரண்மனையில் லூயிஸுக்குப் பெரியம்மை கண்டது. செய்தி கேட்டதும் மாப்பிள்ளையின் தாத்தா, போர்க்களங்களில் பேரெடுத்த கோந்தே, மூட்டுவாத உடம்போடு தம் ஷந்தியி மாளிகையிலிருந்து கிளம்பி வந்து அருகில் இருந்தார். பேரன் மனைவி பிழைத்துக்கொண்டார். கிழவர் அங்கேயே டிசம்பரில் இறந்துபோனார். அந்தப் பத்தியை எழுதி முடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

1692இல் தங்கை, மன்னரின் தம்பி மகனை மணந்து அரண்மனை அந்தஸ்து வரிசையில் அக்காவை முந்தியது, பின்னாளில் லூயிஸ் கட்டிய மாளிகை, 1743இல் மரணம் எல்லாம் சீக்கிரமே எழுதிவிட்டேன். அந்த மாளிகைதான் பாலே பூர்போன். இன்று பிரான்சின் தேசிய சட்டமன்றம் கூடும் இடம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். முதல் வரியில் ‘மன்னரின் மகள்’ என்று மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் ‘மோந்தெஸ்பான் சீமாட்டி பெற்ற’ என்று சேர்த்தேன்.