மேலே போய்விட்டுத் திரும்பி வரும் கண்ணாடி

ஆற்காடு சாலையில் மழை தூற ஆரம்பித்ததும் காரின் டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடியின் சுவிட்சை ஒரு இழு இழுத்துவிட்டேன். வழக்கம்போல மேலே போனது, மூட நாலு விரல் அளவு இருக்கும்போது என்ன நினைத்ததோ, சட்டென்று நின்று திரும்பிக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி இழுத்தேன், மறுபடி இறங்கியது. வடபழனி தாண்டுவதற்குள் ஏழெட்டுத் தடவை இதே கூத்து. வலது தோள் தொப்பலாக நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியமே தப்பு. பேட்டரி மைனஸைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது, கம்ப்யூட்டரை அணைத்துப் போடுகிற புத்தி. மாட்டிவிட்டுப் பார்த்தால், ஒரே இழுப்பில் தானாக ஏறுகிற ஆட்டோ வசதியே போய்விட்டது. சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கண்ணாடி நகர்கிறது, விரலை எடுத்தால் அங்கேயே நிற்கிறது. ஆனால் ஒன்று, பிடித்துக்கொண்டே இருந்தபோது இறங்காமல் மூடியது, கடைசி நாலு விரல் மட்டும் கிழவர் மாடிப்படி ஏறுவது போலத் திணறித் திணறி. துப்பு அங்கேயே இருந்தது, எனக்குத்தான் புரியவில்லை.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே இருந்த பையன் சுவிட்சை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "மோட்டாரோட ரெகுலேட்டர் செட்டா மாத்தணும் சார்" என்றான். ரெகுலேட்டர் என்றால் கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற அமைப்பு. கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றவில்லை, கதவில் காதை வைத்துக் கேட்கக்கூட இல்லை. ஏழாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றதும், யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் பேட்டரி, ஹாரன், லைட் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். அவர் சுவிட்சைத் தொடவே இல்லை. "வண்டிய எங்க தம்பி நிறுத்துற?" என்று கேட்டார். வேப்பமரத்தடியில் அண்ணே என்றேன். கண்ணாடி ஓடுகிற ரப்பர் பீடிங்குக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டு ஒரு இழு இழுத்து என் முன்னால் நீட்டினார், நகம் முழுக்கக் கரிய பசை. "மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அது நடுவுல ஒரு கை மாட்டிக்கிச்சுன்னு நினைக்குது."

விஷயம் இதுதான். ஒரே இழுப்பில் தானாக ஏறுகிற கண்ணாடிக்கு, குழந்தையின் கையோ கழுத்தோ நடுவில் மாட்டினால் உடனே நின்று திரும்புகிற பாதுகாப்பும் இருக்கும். என் வண்டியில் டிரைவர் பக்கம் மட்டும்தான் அது உண்டு. ஐரோப்பிய விதிப்படி நடுவில் மாட்டுகிற பொருளின் மேல் 100 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் விழுவதற்குள் கண்ணாடி திரும்பிவிட வேண்டும், அதாவது சுமார் பத்து கிலோ பாரம். இடைவெளி 200 மில்லிமீட்டரில் இருந்து 4 மில்லிமீட்டர் வரை இருக்கும்போது இது வேலை செய்தாக வேண்டும். கண்ணாடிக்குக் கண் இல்லையே, பல வண்டிகளில் மோட்டார் சுற்றுவதை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும், சுற்று மந்தமானால் ஏதோ மாட்டிவிட்டது என்று அர்த்தம். கை தடுத்தாலும் சரி, நாலு வருட வேப்பஞ்சருகும் மெட்ரோ வேலைத் தூசியும் சேர்ந்து பிடித்தாலும் சரி, அதற்கு இரண்டும் ஒன்றுதான். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் உச்சி எங்கே இருக்கிறது என்பதையும் அது தெரிந்து வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி அதையும் மறக்கடித்த புண்ணியவான் நான். உச்சி தெரியாததால் ஆட்டோ போச்சு, கூடவே பாதுகாப்பும் போச்சு, அதனால்தான் அன்றைக்குத் திணறிக்கொண்டாவது மூடியது.

ஞாயிறு காலை உட்கார்ந்தேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பழைய டூத் பிரஷில் ஈரத்துணியைச் சுற்றி இரண்டு பக்கச் சேனலிலும் மேல் பீடிங்கிலும் விட்டுத் தேய்த்தேன். முதல் துணி தார் மாதிரி வந்தது. பின்பக்க மூலையில் வேப்பங்காம்புகள் ஒரு கொத்தாக மக்கிப்போய் ஆணி மாதிரி இறுகியிருந்தன, அதைக் குச்சியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாலாவது துணி சுமாராக வெள்ளையாக வந்ததும் நன்றாகக் காயவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தேன். கிரீஸ், என்ஜின் ஆயில் பக்கம் போகாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று அப்பா கேட்டார், தூசியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல ஆகிவிடும்.

அப்புறம், உச்சி எங்கே என்று கண்ணாடிக்கு மறுபடி பாடம் நடத்துவது. என் வண்டியில், இக்னிஷனைப் போட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கி, சுவிட்சை மேலே இழுத்துப் பிடித்தபடியே மூடவைத்து, மூடின பிறகும் விடாமல் ஐந்து விநாடி பிடித்திருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி இது மாறும், டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமல் கிடக்கிற புத்தகத்தில் போட்டிருக்கும். பாடம் முடிகிற வரைக்கும் பாதுகாப்பு வேலை செய்யாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முதல் தடவை எனக்குச் சரியாக வரவில்லை, அவசரப்பட்டு விரலை எடுத்துவிட்டேன். இரண்டாவது தடவை வந்தது. ஒரு இழு, சர்ரென்று போய் மூடிக்கொண்டது.

பாதுகாப்பையும் பார்த்துவிடலாம் என்று சமையலறையில் இருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்துவந்து குறுக்கே நீட்டினேன் (கையை நீட்டாதீர்கள்). கண்ணாடி அதைத் தொட்டு, லேசாக அழுத்தி, இறங்கிவிட்டது. காயில் ஒரு மெல்லிய கோடு விழுந்ததோடு சரி. "காருக்குள்ள முருங்கைக்காய வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று மனைவி பால்கனியில் இருந்து கேட்டதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை.

எல்லா வண்டிக்கும் இதுதான் வியாதி என்று சொல்லவில்லை. சுவிட்சை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், வயரிங் என்று பார்க்க வேண்டும். கதவுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டு, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தால் ரெகுலேட்டர் கேபிள் போயிருக்கும், அப்போது செலவு பண்ணித்தான் ஆக வேண்டும்.

அந்த அண்ணனிடம் பணம் கொடுக்கப் போனேன், நகத்தில் அழுக்கெடுத்ததற்கு எவ்வளவு வாங்குவது என்று சிரித்தார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பின்பக்க இடது கண்ணாடியும் இப்போது லேசாகக் கீச்சிடுகிறது, சிலிக்கான் ஸ்ப்ரே பாதி மிச்சம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு அதுதான் வேலை.