கருவிக்குப் பணம் உண்டு, ஆளுக்கு இல்லை

மார்த்தாண்டம் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்காக இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கு எழுதுவதும் நிதி கேட்டு விண்ணப்பம் போடுவதும் என் வேலை. மார்ச் நெருங்கினால் எங்களுக்கு ஃபோன் வரத் தொடங்கும். நிதியாண்டு முடிவதற்குள் சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது சமூக நலனுக்கென்று ஒதுக்கிய பணத்தை, செலவழித்தாக வேண்டிய கம்பெனிகள். பேசுகிறவர் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை காது மெஷின் வேணும் மேடம்?" என்றுதான்.

மெஷின் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உதவிக் கருவிகள் கொடுக்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டம் 1981 முதல் இருக்கிறது, அதில் தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சைகூட நடக்கிறது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் மெஷின் டப்பாவோடு இருக்கிறது. காதில்தான் இல்லை. பட்டன் பேட்டரி ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் வரும். பிள்ளை வளர வளர காதுக்குள் வைக்கும் மோல்டு பொருந்தாமல் போகும், கீச்சென்று சத்தம் போடும், பிள்ளை கழற்றி எறிந்துவிடும். புதிய மோல்டுக்கு நாகர்கோவில் போய்வர ஒரு முழு நாள் ஆகும். குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. அன்றைய கூலி போய்விடும். பேட்டரிக்கும் மோல்டுக்கும் பஸ் காசுக்கும் பணம் கேட்டால், "அது சின்னச் செலவு, நீங்களே பார்த்துக்கலாமே" என்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். 50 டெசிபல் குறைந்த பெண் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாதிப் பாடத்தைத் தவறவிடுவாள். மாற்றுத்திறனாளி அட்டை கிடையாது, உதவித்தொகை கிடையாது. டீச்சருக்கு அவள் "கவனமில்லாத பிள்ளை".

இதையெல்லாம்விட எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பதினைந்து வயது தாண்டி சைகை மொழி பேசும் இன்னொருவரைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு முழுதாகப் பேச ஒரு மொழி கிடைத்தது. அதுவரை வீட்டில் நாங்கள் காட்டியது சாப்பாடு, வா, போ, அடிப்பேன், அவ்வளவுதான். அப்பா இறந்தபோது என்ன நோய், ஏன் இறந்தார் என்று அவனுக்குச் சொல்ல எங்களில் யாருக்கும் கை வரவில்லை. பல வருஷம் கழித்து அவனுடைய காது கேளாத நண்பர் ஒருவர்தான் அதை விளக்கினார்.

அதனால்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாடம் நடத்துகிறவர் காது கேளாதவராகவே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்திய சைகை மொழியைக் கற்பிப்பதற்கென்றே காது கேளாதவர்களுக்கு இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் அகராதியும் வெளியிட்டிருக்கிறது. அகராதி வீடியோவை மொபைலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் வங்கிப் படிவத்தை நிரப்பவும், ஓடிபி கேட்டு வரும் மெசேஜை நம்பாமல் இருக்கவும், கடலுக்குப் போகும் முன் காற்று எச்சரிக்கையைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ளவும் எதிரே ஒரு ஆள் வேண்டும். ஒக்கி புயலுக்குப் பிறகு இந்தக் கடைசிப் பாடத்தை நாங்கள் விடுவதே இல்லை.

அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் பணம் கிடைக்க மாட்டேன் என்கிறது. எங்களிடம் அருமையாகப் பாடம் நடத்திய ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே பேக்கிங்கில் கிடைப்பதை எங்களால் கொடுக்க முடியவில்லை. கல்யாணம் வைத்திருந்தார், போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகள் வாரக்கணக்கில் அவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

விண்ணப்பத்தில் சம்பளம் என்று எழுதினாலே, "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ரூல் இருக்கு" என்கிறார்கள். அந்த ரூலை நான் எடுத்து வாசித்தேன். 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. வகுப்பு நடத்துவதுதான் திட்டம் என்றால், வாத்தியார் சம்பளம்தானே திட்டச் செலவு? சிஎஸ்ஆர் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் சிறப்புக் கல்வி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று வருடம் வரை தொடர் திட்டமாக நடத்தவும் இடம் உண்டு. வெளிநாட்டு நிதிக்கான விதியிலும் பள்ளி ஆசிரியர் சம்பளம் போன்றவற்றை நிர்வாகச் செலவாகக் கணக்கிடுவதில்லை. சட்டம் வழி விட்டுத்தான் இருக்கிறது. மெஷின் கொடுத்தால் அன்றைக்கே மேடை போட்டு ஃபோட்டோ எடுக்கலாம், ஒரு பையன் கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை வாசித்துப் பார்த்தான் என்பதை எப்படி ஃபோட்டோ எடுப்பது? சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கு நிதி தரும் மத்திய அரசின் தீன்தயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் ஊழியர்களுக்கான மதிப்பூதியம் உண்டு, 90 சதவீதம் வரை மானியமும் உண்டு. ஆனால் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும், மாவட்டம், மாநிலம், டெல்லி என்று கோப்பு நகர வேண்டும். அதுவரை கையிலிருந்து போட்டு நடத்தத் தெம்பு வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தெம்புதான் இல்லை.

இந்த வருட விண்ணப்பத்தில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் இரண்டு காது கேளாத ஆசிரியர்களுக்கு மூன்று வருடச் சம்பளம். அடுத்து அம்மாக்களுக்கும் கூடவே சைகை மொழி வகுப்பு, வந்துபோகும் பஸ் காசோடு. அப்புறம் பேட்டரி, மோல்டு. மெஷின் கடைசி. சம்பள வரிக்கு நேரே அந்த விதியின் எண்ணையும் போட்டிருக்கிறேன், அவர்களுடைய ஆடிட்டர் தேட வேண்டியதில்லை. ஒரு கம்பெனியிலிருந்து வகுப்பை நேரில் பார்க்க வருகிறோம் என்றிருக்கிறார்கள். அன்றைக்குத் திட்டத்தை விளக்கப்போவது ஆசிரியர். அவர் கையால் பேசுவதைத் தமிழில் சொல்ல மட்டும் நான் பக்கத்தில் நிற்பேன்.

வேறு ஊரில் இதே வேலை செய்கிறவர்கள் விண்ணப்பத்தின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அப்படியே அனுப்பி வைக்கிறேன்.