சுகம் கிடைக்காதவர்களின் வேளாங்கண்ணி

வேளாங்கண்ணிக் கோயிலின் காணிக்கைக் காட்சியகத்தில் எனக்கு எப்போதும் கண் கலங்கும். வெள்ளியில் செய்த கை, கால், கண், இதயம். பிள்ளை வரம் கிடைத்தவர்கள் கொடுத்த தொட்டில். மடிப்புக் கலையாத நன்றிக் கடிதங்கள். இவை ஒவ்வொன்றையும் நான் நம்புகிறேன். ஆனால் இதே மாதாவிடம் அழுது வேண்டியும் சுகம் கிடைக்காதவர்கள் எதைக் கொண்டுவந்து வைப்பார்கள்?

அண்ணனோடு போயிருந்ததால்தான் அந்தக் கேள்வி. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். நவநாள், உபவாசம், ஜெபமாலை என்று வீட்டில் செய்யாதது இல்லை. ஜெபிக்க வந்த ஒருவர், "உங்களுக்கு விசுவாசம் பத்தாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். நோயைவிட அந்தச் சொல்தான் அண்ணனை அதிகம் படுத்தியது.

சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு, இந்தத் துன்பம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெத்சமனித் தோட்டத்தில் இயேசு கேட்டது, விசுவாசம் குறைந்ததாலா கிடைக்காமல் போனது? தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லித் திருத்தூதர் பவுல் மூன்று முறை மன்றாடினார். "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. எத்தனையோ பேரைக் குணமாக்கிய அதே பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பிமை மிலேத்து நகரில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். துரோப்பிமை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் அண்ணனால் முழங்காலில் நகர முடியாது. அவருக்காக நான் போனேன். முன்னால் ஒரு தாய், இடுப்பில் தலை நிற்காத பிள்ளையோடு போய்க்கொண்டிருந்தார்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். 17ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள், மாதாவை வேண்டி செப்டம்பர் 8ஆம் நாள் கரையேறிய இடம் என்பது இங்குள்ள மரபு. 26.12.2004 ஞாயிறு காலை, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த திருப்பயணிகளை நூற்றுக்கணக்கில் வாரிக்கொண்டு போனதும் இதே கடல்தான். அன்று கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை. அதைப் புதுமை, அதாவது அற்புதம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கரையில் நின்றிருந்தவர்களும் மாதாவின் பிள்ளைகள்தானே? சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். அதற்குமேல் காரணம் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அண்ணன் நோயில்பூசுதல் என்ற அருட்சாதனத்தைப் பெற்றார். சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும்தான் அது என்று நம் வீடுகளில் இன்னும் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, கடும் நோயில் இருக்கும் யாரும் கேட்கலாம். சாமியார் அவர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையை அண்ணன் மறைக்காமல் நீட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

"என்னண்ணே வேண்டுன?" என்று பேருந்தில் கேட்டேன்.

"சுகந்தான். வேற என்னத்தக் கேக்க? பவுல் மூணு தடவையோட நிறுத்திட்டாரு, ஏன்னா அவருக்குப் பதில் வந்துருச்சு. எனக்கு இன்னும் வரல பாப்பா. நாங் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."