மண் கோட்டைக்குள் ஓர் இரவு, கூடவே ஐம்பது யுவான் தண்டம்

முதலில் அந்த டிரைவர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. சீனாவில் துலோக்களை, அதாவது பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் பெரிய மண் கட்டடங்களைப் பார்க்க, ஷியாமெனிலிருந்து ரயிலில் போய் நான்ஜிங்கில் இறங்கினோம். (இது ஃபூஜியன் மாகாணத்து நான்ஜிங். அதே பெயரில் பெரிய நகரம் ஒன்று வேறு மாகாணத்தில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது ஜாக்கிரதை.) நாள் முழுக்க 300 யுவான் என்று பேசித்தான் காரில் ஏறினோம். மாலையில் 400 கேட்டார். மலைப்பாதையாம். காலையில் மட்டும் மலை இல்லையா? செயலியில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துச் சண்டை போட்டு 350-க்கு முடித்தோம். நுழைவுக் கட்டணம் தனி, அதையும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் தியான்லுவோகெங் கிராமத்தை மேலிருந்து பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. நடுவில் சதுரமாக ஒரு துலோ, சுற்றிலும் மூன்று வட்டம், ஒரு நீள்வட்டம். ஊர்க்காரர்கள் இதை ‘நாலு கறி, ஒரு சூப்’ என்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 46 துலோக்களில் இந்த ஐந்தும் உண்டு.

எல்லோரும் மேலே நின்று படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது தப்பு. உள்ளே போனால்தான் சங்கதி புரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தளம் என்று நினைத்திருந்தேன். இல்லை, மேலிருந்து கீழாக ஒரு துண்டு: தரைத்தளத்தில் சமையலறை, அதற்கு மேல் தானியம், அதற்கும் மேல் படுக்கையறைகள். படிக்கட்டும் முற்றமும் எல்லோருக்கும் பொது. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கட்டியதால் கீழ்த்தளங்களில் வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. பக்கத்திலுள்ள யூசாங் துலோவில் மரத்தூண்கள் கோணல்மாணலாகச் சாய்ந்து நிற்கின்றன. ஐந்து மாடி! 1308-இல் கட்டியது என்கிறார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நடந்தேன்.

இரவு ஒரு துலோவிலேயே மூன்றாம் மாடியில் அறை, 120 யுவான். வீட்டுக்கார அம்மா டோஃபுவைக் குடைந்து, கொத்துக்கறி அடைத்து வேகவைத்துக் கொடுத்தார். இந்தப் பக்கத்து ஹக்கா மக்களின் சமையல். இரண்டாம் தட்டு கேட்டு வாங்கினேன், பட்ஜெட்டாவது மண்ணாவது!

ரயில் நேரமெல்லாம் எழுதுவதாக இருந்தேன், விட்டுப்போயிற்று. ஒன்று மட்டும்: கழிப்பறை கட்டடத்துக்கு வெளியே. நடுராத்திரி கிறீச்சிடும் மரப்படியில் மூன்று மாடி இறங்க வேண்டும். டார்ச் கொண்டுபோங்கள்.