வெர்மீரின் சுவரில் ஓர் ஆணி

“அந்த ஆணியை வரையாமல் விட்டுவிடலாமே, யாரும் அதைத் தேடப்போவதில்லை” என்றார் ஓவிய ஆசிரியை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் ஒரு மாலை வகுப்பு. ஆளுக்கொரு பழைய டச்சு ஓவியத்தைப் பிரதி எடுத்து எண்ணெய் வண்ணம் பழகுகிறோம். மற்றவர்கள் மதுக்கடைக் கும்மாளம், சீட்டாட்டம் என்று எடுத்துக்கொள்ள, நான் எடுத்தது ஓவியர் வெர்மீர் இதே ஊரில் 1660 வாக்கில் வரைந்த பால் ஊற்றும் பெண். அசல் ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது; உயரம் 45.5 செ.மீ., அகலம் 41 செ.மீ., அவ்வளவுதான். அதன் முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் பாலைப் பார்க்கிறார்கள். நான் சுவரைப் பார்க்கிறேன்.

என்ன சுவர் அது! காரை பெயர்ந்து, கறை படிந்து, ஆணி பிடுங்கிய ஓட்டைகளோடு. பிடுங்காமல் விட்ட ஓர் ஆணி, அதற்குக் குட்டியாக ஒரு நிழல். வெள்ளைச் சுவர்தான், ஆனால் வெறும் வெள்ளையை அப்பினால் அது வருவதில்லை. வெர்மீர் ஈய வெள்ளையோடு அம்பர் என்னும் மண் பழுப்பையும் கரிக் கறுப்பையும் கலந்தார். ஈயம் நஞ்சு என்பதால் எங்களுக்கு டைட்டானியம் வெள்ளை. ஜன்னலை ஒட்டிய மூலை மங்கல். வலப்பக்கம் போகப் போக வெளிச்சம் ஏறுகிறது. அம்பர் கூடுதலாகச் சேர்ந்த இடம் சீக்கிரம் காய்ந்துவிடும், வெள்ளை மிகுந்த இடம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். இந்த ஊர்க் குளிரில் கேட்கவே வேண்டாம்.

குளிரும் மழையும் சைக்கிளும் எனக்குப் பழகிவிட்டன. மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு என்பதுகூடச் சரி என்றாகிவிட்டது. ஆனால் ஓட்டைகளுக்குச் சாம்பல் நிறம் குழைக்கும்போது திருநெல்வேலி வீட்டு அடுக்களை வந்து நிற்கிறது. வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் தினசரி காலண்டர், அடுத்ததில் அப்பாவின் சட்டை, அதற்கடுத்ததில் குடை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஓட்டைகளில் சுண்ணாம்பை அப்பி அடைப்போம். தை முடிவதற்குள் புதிதாக ஒன்று விழுந்திருக்கும். இங்கே வாடகை ஒப்பந்தத்தில், காலி செய்யும்போது சுவரில் ஓர் ஓட்டைகூட இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மாமா அனுப்பிய முருகன் காலண்டர் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. தாளைக் கிழிக்கும்போதெல்லாம் முருகன் சரிந்துவிடுகிறார்.

அந்த ஆணி ஓவியர் பாட்டுக்கு வரைந்துபோட்டதில்லை. 2022இல் ரைக்ஸ்மியூசியம் அறிவித்த ஆய்வில், பெண்ணின் தலைக்குப் பின்னால் குடுவைகள் மாட்டும் பலகை ஒன்றை வெர்மீர் முதலில் வரைந்து, பிறகு மறைத்துவிட்டது தெரியவந்தது. வலது மூலையில் இருந்த, தணல் வைத்துத் துணி காயவைக்கும் கணப்புக் கூடையையும் எடுத்துவிட்டார். அவ்வளவையும் கழித்த மனிதர் ஆணியையும் ஓட்டைகளையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சுவரில் ஆள் வாழ்ந்ததற்குச் சாட்சி அவைதான். ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆணிக்கென்று தன்னுடைய ஆகச் சிறிய தூரிகையை எடுத்துக் கொடுத்தார்.

வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். “பாவம், யார் வீடுப்பா இது? வெள்ளையடிச்சு எத்தனை பொங்கல் ஆச்சோ” என்றாள். அப்புறம் கிட்டத்தில் காட்டச் சொல்லி, “அந்த ஆணியில ஏன் ஒண்ணுமே மாட்டல?” என்று கேட்டாள்.